எதிர்த் தட்டு

பழைய இரும்புக் கடைத் தராசுக்குத் தன் முள்மேல் அசாத்தியக் கர்வம். இதுவரை ஒரு கிராம்கூடத் தப்பியதில்லை.

ஒரு நாள் ஞானமுத்து புது ஸ்கூட்டர் வாங்கிய கையோடு, தன் சைக்கிளைக் கொண்டுவந்து அதன் தட்டில் ஏற்றினார்.

“பதினெட்டுக் கிலோ,” என்றது தராசு.

“அவ்வளவுதானா அண்ணே?” என்று கேட்டது சைக்கிள். “பத்தொன்பது வருஷமா தினமும் என்னை மிதிச்சுத்தான் மில்லுக்குப் போனார். ஒரு நாள்கூட நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்ததில்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்லை. அதையும் சேர்த்து நிறுங்களேன்.”

தராசுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “வராத நோய்க்கு ஏதப்பா எடை? இருந்தா எடுத்துத் தட்டுல வை, நிறுத்துத் தர்றேன்.”

மறுநாள் சைக்கிள் மற்ற இரும்போடு லாரியில் போய்விட்டது.

ஆறு வருஷம் கழித்து ஞானமுத்துவின் மனைவி ஒரு சாக்குப்பையோடு வந்தாள். உள்ளே ஸ்கேன் கவர்கள், மருந்துச் சீட்டுகள், கத்தை கத்தையாக ஆஸ்பத்திரி பில்கள்.

“இனிமே இதெல்லாம் யாருக்கு? பேப்பர் விலைக்கே எடுத்துக்குங்க,” என்றாள்.

சாக்கு ஏறியதும் தட்டு தரைக்கு இறங்கியது. கடைக்காரர் எதிர்த் தட்டில் எடைக்கல்லை வைத்தார். ‘கல்லை எடுங்க, அங்கே அந்தச் சைக்கிளை வையுங்க’ என்று கத்த வேண்டும்போலிருந்தது தராசுக்கு. கல் மேல் கல் வைத்தும் முள் நிலைகொள்ளாமல் ஆடியது.

“காத்துக்கு ஆடுது,” என்று கடைக்காரர் முள்ளை விரலால் பிடித்து நிறுத்தினார். “ஏழு கிலோம்மா.”