சகலை எழுதிய நாவல்

காவல் நிலையத்தில் அப்போது இருந்தவர்கள்: இன்ஸ்பெக்டர், ஒரு பெண் ஏட்டு, இரண்டு சகலைகள், அவர்களைக் கட்டிக்கொண்ட அக்கா, தங்கை. மேஜை மேல் ஒரு நாவல்.

அடுத்தவர் மனதைப் படிக்கும் சக்தியுள்ள இரண்டு சகோதரிகளைப் பற்றிய நாவல் அது. பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதியது. பின்னட்டையில் சின்ன மாப்பிள்ளை கன்னத்தில் கை வைத்திருந்தார். எழுதியது நான், பிரதியை என் பீரோவிலிருந்து சுட்டுவிட்டார் என்பது பெரிய மாப்பிள்ளையின் புகார். புத்தகம் விற்காதவரை சண்டை வீட்டுக்குள்ளேயே இருந்தது. டிவி தொடராக எடுக்க ஒரு கம்பெனி கேட்டதும் ஸ்டேஷன் படியேறிவிட்டது.

"நீ படிச்சியாம்மா?" என்று இன்ஸ்பெக்டர் ஏட்டைக் கேட்டார்.

"படிச்சேன் சார். மனசைப் படிக்கிற பொண்ணுங்க எதுக்கு சார் கதவுக்குப் பின்னாடி நின்னு ஒட்டுக் கேக்கணும்? என் பொண்ணு பாதியிலயே தூக்கிப் போட்டுட்டா. நான் டியூட்டியாச்சேன்னு முடிச்சேன்."

"அது குறியீடு" என்றார் பெரியவர்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் சின்னவர்.

தங்கை பெருமூச்சு விட்டாள். "எனக்கு அந்த சக்தி இருந்திருந்தா இவரைக் கட்டியிருப்பேனாக்கா?"

"நீயாவது பரவால்லடி. உன் வீட்டுக்காரர் திருடத்தான் செஞ்சாரு. என் வீட்டுக்காரர் இதை உக்காந்து எழுதியிருக்காரு."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "நான் ரெண்டு தடவை படிச்சேன்" என்றார். ஏட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஒன்பதாவது அத்தியாயம் மட்டும் பிரமாதம். ஒரு பணக்கார வீட்டுல திருட்டு. திருடன் எப்படி வந்தான்னு அக்காவும் தங்கச்சியும் கண்ணை மூடிக்கிட்டுப் பாக்கறாங்க. பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழட்டி, காலை முதல்ல விட்டு இறங்கறான். போறப்ப தொட்டி மீனுக்குத் தீனி போட்டுட்டுப் போறான். இதை யோசிச்சது யாரு?"

சகலைகள் இருவரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள்.

"மீனுக்கு எதுக்குத் தீனி போட்டான்?" சின்னவரை முதலில் கேட்டார்.

"அது... மீன் கத்திடக் கூடாதுன்னு சார்."

"யோவ் சகல!" பெரியவர் துள்ளி எழுந்தார். "வீட்டுக்காரங்க ஊருக்குப் போய் ரொம்ப நாளாச்சு சார். தொட்டியில ரெண்டு மீன் செத்து மிதக்குது. மிச்சத்தைப் பாத்ததும் திருடனுக்கே மனசு கேக்கல. டிவிக்குப் பின்னாடி இருந்த டப்பாவைத் தேடி எடுத்துப் போடறான்."

இன்ஸ்பெக்டர் பக்கத்தைப் புரட்டினார். "டிவிக்குப் பின்னாடின்னு இதுல இல்லையே?"

"எப்படி இருக்கும்? நீளமாப் போகுதுன்னு நான்தான் வெட்டுனேன். செத்த மீனையும் வெட்டுனேன். எழுதுனவனுக்குத்தானே தெரியும்!"

"டப்பா மூடி?"

"உருண்டு சோபாவுக்கு அடியில போயிடுச்சு சார். அதுக்கே அரைப் பக்கம் எழுதி வெச்சிருந்தேன்." பெரியவர் மேஜையில் கையூன்றி இன்னும் நெருங்கி வந்தார். இதுவரை யாரும் அவரிடம் அந்த நாவலைப் பற்றி இவ்வளவு ஆர்வமாகக் கேட்டதில்லை.

சின்னவர் தலையைத் தொங்கப் போட்டார். "மன்னிச்சிருங்க சகல. நான்தான் பீரோவுலேருந்து எடுத்தேன்."

"சரி, நீங்க வீட்டுக்குப் போங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டர் எழுந்து பெரியவருக்குக் கை கொடுத்தார். "சந்தேகமே இல்ல சார். அந்த அத்தியாயம் முழுக்க உங்களோடதுதான். இப்படி வாங்க."

பெரியவர் சகலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

பல் டாக்டர் வீட்டு நகைக் கொள்ளையில் மாதக்கணக்காகத் துப்புக் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர், அந்த வீட்டு மீன்களைப் பட்டினியிலிருந்து காப்பாற்றிய எழுத்தாளரை லாக்கப்புக்குள் விட்டு, கதவைச் சாத்திப் பூட்டினார்.