புண்ணில்லாத முதுகு

கன்னியப்பனின் முதுகைத் துடைத்துவிடும்போது நர்ஸ் சுடர்விழிக்குத் துக்கத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு புண் இல்லை.

வாரக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்த உடம்பு அது. இளமையில் மில்லில் தறி ஓட்டியவர். மில்லை மூடியபின் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன். நுரையீரலில் புற்றுநோய்.

இனி எந்த மருந்தும் கேட்காது என்று டாக்டர் விஜயராகவன் சொன்ன பிறகு மிச்சமிருந்தது நர்ஸ் வேலை மட்டும்தான்.

அதைச் சுடர்விழி யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எம்.எஸ்ஸி. நர்சிங் முடித்து வந்தவள். படுக்கைப் புண் வராமலிருக்க நோயாளியை எப்படிப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதற்கு ஆராய்ச்சிகளே இருந்தன. எல்லாவற்றையும் தேடிப் படித்திருந்தாள். மருந்துக்கு டாக்டர் ஆதாரம் காட்டினால், தலையணைக்கு நர்ஸ் ஆதாரம் காட்ட முடியும். அதில் அவளுக்கு ஒரு வீம்பே உண்டு.

கன்னியப்பன்தான் ஒத்துழைக்கவில்லை. இடது பக்கம் திருப்பிவிட்டால், சற்று நேரத்தில் முனகிக்கொண்டே வலது பக்கம் புரண்டுவிடுவார்.

"வலிக்குதாய்யா?" என்று கேட்பாள்.

பதிலே வராது. கண்ணை அகலத் திறந்து அவள் வாயையே பார்ப்பார்.

புரள முடியாதபடி முதுகுக்குப் பின்னால் தலையணைகளை முட்டுக் கொடுத்தாள்.

நேற்று டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது அதைப் பார்த்தார். "விடுங்க சிஸ்டர். அவருக்குப் புடிச்ச மாதிரி படுக்கட்டும்."

"ஆதாரம் இல்லாம நீங்க ஒரு மாத்திரை எழுதுவீங்களா சார்?"

"எழுதமாட்டேன். ஆனா என் ஆதாரம் மருந்தப் பத்தினது. உங்களுது ஆளப் பத்தினதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் போனதும் தலையணையை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தாள்.

இன்று காலை இடது பக்கம் படுத்தபடியே கன்னியப்பன் போய்விட்டார். புரள்வதற்கு அவரிடம் தெம்பு மிச்சமில்லை. மனைவி அஞ்சலாட்சி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

உடம்பைத் துடைத்து முடித்து மல்லாத்திப் படுக்கவைத்தாள். மூக்கில் பஞ்சு வைத்துவிட்டு, சுடர்விழி வலது காதுக்குப் பஞ்சை உருட்டினாள்.

"அதுக்கு எதுக்குப் பஞ்சு, சிஸ்டர்" என்றாள் அஞ்சலாட்சி. "தறிச் சத்தத்துல அது எப்பவோ செத்துப்போச்சு. அவருக்கு எல்லாமே எடது காதுதான்."

சுடர்விழி உருட்டிய பஞ்சைக் கீழே வைத்தாள்.

வலது பக்கம் படுத்தால் இடது காது மேலே இருக்கும். யார் பேசினாலும் கேட்கும். அதற்குத்தான் மனுஷன் புரண்டு புரண்டு படுத்திருக்கிறார்.

வலிக்கிறதா என்று அத்தனை முறை கேட்டவள், எந்தப் பக்கம் படுக்கப் பிடிக்கும் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அஞ்சலாட்சி கணவனின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க படுக்கவெச்சதக் கலைக்காம, விடிஞ்சதுலேர்ந்து அவருகிட்ட பேசிக்கிட்டேதான் இருந்தேன். இத்தினி வருஷமா சொல்லாதத எல்லாம் சொல்லிட்டேன். கேட்டிருக்கும்ல சிஸ்டர்?"

இடது காதுமடலில் தலையணை உறையின் மடிப்பு இன்னும் கோடாகப் பதிந்திருந்தது.

"கேட்டிருக்கும்மா" என்றாள் சுடர்விழி.