நாசகாரியில் ஒரு நாள்

அவள் இரும்புக் கதவைத் திறந்த விதத்தைப் பார்த்ததும் அவனுக்கு வயிறு எரிந்தது.

அவள் கண் எங்கோ இருந்தது. கை தானாகப் பிடிக்குப் போனது.

வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே என்று இன்றுவரை கேட்கிறவள்.

கடற்படையில் வருஷத்துக்கு ஒரு நாள் குடும்பத்தாரைக் கப்பலில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப்போவார்கள். வந்திருந்தவர்கள் எல்லாம் மனைவிகள், பிள்ளைகள். கணவன் என்று வந்தவன் அவன் ஒருவன்தான்.

இந்த ரகப் போர்க்கப்பலுக்குத் தமிழில் நாசகாரி என்று பெயர். வைத்தவன் அனுபவப்பட்டவன்.

கட்டும் தளத்தில் இது வெறும் இரும்பாகக் கிடந்தபோதே அவள் எஞ்சினியராகச் சேர்ந்துவிட்டாள். அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. குழாய் குழாயாக இது வளர்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தாள். அவன் டைஃபாய்டில் கிடந்ததைப் போனில் கேட்டாள்.

நடந்துகொண்டிருந்தவள் சட்டென நின்றாள். சுவரில் உள்ளங்கையை வைத்தாள். எஞ்சினின் அதிர்வில் ஏதோ பிடிக்கவில்லை போலும்.

"நீ மேல போய் இரு. வந்துடறேன்."

ஓடினாள்.

இரும்பின் மேல் பொறாமைப்படுகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். அந்தக் கை அவன் நெற்றியில் அப்படி ஒரு நாளும் இருந்ததில்லை.

மேல்தளத்தில் காத்திருந்தான். ஒரு சேதி வைத்திருந்தான். அடுத்த மாதம் அவளுக்குக் கப்பலை விட்டு டெல்லியில் கரை வேலை. அவனும் பேங்கில் கெஞ்சிக் கூத்தாடி டெல்லிக்கே மாற்றல் வாங்கிவிட்டான். நேற்றுதான் உறுதியானது. நடுக்கடலில் வைத்துச் சொல்ல ஆசை.

டீ கொண்டுவந்த மாலுமி செல்வின் குளச்சல்காரன். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவனுக்கு.

"மேடம் டெல்லி வேண்டாம்னு சொல்லி, இன்னும் ஒரு வருஷம் இங்கயே கேட்டு வாங்கிட்டாவ சார். எங்களுக்குப் பெரிய நிம்மதி. ஒங்ககிட்ட சொல்லியிருப்பாவல்லா?"

"சொன்னா."

டீ நாக்கைச் சுட்டது.

அவள் வந்தாள். கன்னத்தில் எண்ணெய்க் கறை. கல்யாண வீடியோவில்கூட இந்தச் சிரிப்பு இல்லை.

"சரியாயிடுச்சு. ஏதோ சொல்லணும்னியே?"

அவன் கடலைப் பார்த்தான்.

"டெல்லியில குளிர் ஜாஸ்தியாம். போறதுக்கு முன்னாடி ஒரு ஸ்வெட்டர் எடுக்கணும்."

அவள் சிரிப்பு மெல்ல இறங்கியது.

ஒண்ணுதானா என்று அவள் கேட்கவில்லை.