தடையில்லாச் சான்று

நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் பாக்கி. அது தீரும்வரை, செங்கோடனின் ஆணுறுப்பைப் பெரிதாக்க உள்ளே வைத்துத் தைத்த சிலிக்கோன் உறை கடன் கொடுத்த கம்பெனிக்குத்தான் சொந்தம். தைத்த இடம் சீழ் பிடித்ததால் அவனால் மூட்டை தூக்க முடியவில்லை. மூன்று தவணை நின்றதும், சங்ககிரியில் கடன் கட்டாத லாரிகளைத் தூக்கிப்போகும் அதே ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"பொருளு கம்பெனியோடதுங்ண்ணா. வண்டில ஏறுங்க."

மனைவி பாவாயி கணவனை மறித்தாள். "ஏனுங்க, பத்தலைன்னு நான் எப்பவாச்சும் சொன்னனா?"

"குழாயடில குளிக்கறப்ப லோடுமேனுங்க சிரிச்சாங்க புள்ள."

"அப்ப அவங்களோடயே போய்க் குடும்பம் நடத்துங்க!"

செங்கோடன் வந்தவர்களில் ஒருவனைக் கேட்டான்: "எடுத்துட்டா பழையபடி ஆயிருமுங்களா?"

"லாரியத் தூக்கறப்ப டேங்க்ல டீசல் இருக்குதான்னா பாப்போம்?"

உறையை எடுத்தபின், நாலாம் நாள் செங்கோடன் திரும்பி வந்தான். தழும்பு இழுத்து முன்பிருந்ததைவிடச் சுருங்கிவிட்டது. தொட்டால் உணர்ச்சியும் இல்லை. கையில் கொடுத்தனுப்பிய காகிதத்தை எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"கடன் முழுவதும் தள்ளுபடி. மேற்படி உறுப்பின் மீது இனி எவருக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை."

"எவருக்குமேவா?" என்றாள் பாவாயி.