அரை வண்டி சோப்பு, அரை வண்டி பிஸ்கட்

பிஸ்கட்டில் சோப்பு வாசனை அடிக்கிறது என்று காலையிலிருந்து கடைக்காரர்கள் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், உங்க பிஸ்கட் குளிச்சிட்டு வந்திருக்கு, தலை துவட்டத்தான் ஆள் இல்லை என்று சொல்லிச் சிரித்தார்.

பிஸ்கட் கம்பெனியின் கிடங்கு மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

இந்தக் கூட்டே அவருக்கு ஆரம்பத்திலிருந்து பிடிக்கவில்லை. பெரிய கம்பெனிகள் நாலைந்து ஒன்றாக உட்கார்ந்து பேசியிருந்தன. அரசாங்கம் உத்தரவு போடவில்லை, யாரும் வழக்குப் போடவில்லை. வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது, மழை நினைத்தால் கொட்டுகிறது, நினைத்தால் ஏமாற்றுகிறது, நம் பங்குக்கு நாமாகவே ஏதாவது செய்வோம் என்று எடுத்த முடிவு.

ஒவ்வொரு கம்பெனி லாரியும் பாதி காலியாக ஓடிப் புகை கக்குவானேன்? இரண்டு கம்பெனிச் சரக்கும் ஒரே லாரியில் போகட்டும். முதலில் சோப்பும் பிஸ்கட்டும். அது சரியாக வந்தால் டீத்தூள் கம்பெனியும் பெயின்ட் கம்பெனியும் சேர்ந்துகொள்ளும்.

முதல் வண்டியே நாறிவிட்டது. இல்லை, மணந்துவிட்டது.

விஷயம் தெரிந்ததும் முதலாளி சோப்புக் கம்பெனிக்குப் போன் போட்டார். கறாராகவே பேசினார். தப்பு உங்க பக்கம்னா, ஒத்துக்கிட்டு நஷ்டத்தைக் கொடுங்க, இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம். தப்பு என் ஆள் மேலன்னா அவனை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன், கூட்டையும் இத்தோட முடிச்சுக்குவேன் என்றார். பக்கத்தில் நின்ற மேனேஜர் பலமாகத் தலையாட்டினார்.

மத்தியானம் சோப்புக் கம்பெனியிலிருந்து சரக்கு அனுப்பும் பிரிவின் அதிகாரியான ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், அமைதியான முகம். முதலாளியின் அறைக்குள் நுழைந்து அவர் உட்காருவதற்குள்ளேயே மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

"இந்த பிஸ்கட்டை வச்சுத் துணி துவைக்கச் சொல்றீங்களா மேடம்? அடுத்தது பெயின்ட் வேற வருதாம். கலர் அடிச்சே கொடுத்துடுவீங்க போல."

அந்த அம்மா கோபப்படவில்லை. இரண்டு சரக்குக்கும் நடுவில் ஒரு தடுப்புப் பலகை இருந்திருக்க வேண்டும், அது இல்லாமல் வண்டி போய்விட்டது, அதனால்தான் வாசனை ஏறிவிட்டது என்று முதலாளியிடம் பொறுமையாக விளக்கினார்.

"தப்பு எங்க பக்கம்தாங்க. நான் பார்த்து அனுப்பியிருக்கணும். நஷ்டத்தை எங்க கம்பெனி கொடுத்துடும். வண்டியை மட்டும் நிறுத்திடாதீங்க."

உங்கள் கிடங்கில் மூக்கு இருக்கிறவர்கள் யாருமே இல்லையா என்று மேனேஜர் விடாமல் கேட்டார். சோப்புக்குள்ளேயே இருந்து இருந்து எங்க மூக்கெல்லாம் எப்பவோ செத்துப்போச்சுங்க என்று அந்த அம்மா சொல்ல, முதலாளிகூடச் சிரித்துவிட்டார்.

மேனேஜருக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. வாய் வார்த்தை போதாது, இவருடைய மேலிடத்துக்கு இவர் பெயரைப் போட்டே புகார் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

அந்த அம்மாவின் முகம் ஒரு நொடி வாடியது. அப்புறம், "எழுதுங்க" என்றார்.

கூட்டு பிழைத்தது. மறுபடி வண்டி ஓடட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த அம்மா கும்பிட்டு விடைபெற்றுக் கிளம்பினார்.

மேனேஜர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கினார். முற்றத்தில் அதே லாரி நின்றது. சோப்புக் கம்பெனி டிரைவர் உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். மேனேஜரால் சும்மா போக முடியவில்லை.

"நல்லாக் கழுவுப்பா. உங்க மேடத்துக்குத்தான் மூக்கும் இல்லை, மூளையும் இல்லை. ஒரு பலகை வைக்கத் துப்பில்லை, உலகத்தைக் காப்பாத்த வந்துட்டாங்க."

டிரைவர் குழாயை மூடினார். மாடிப் படியில் யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு மேனேஜர் பக்கத்தில் வந்தார்.

"தடுப்பை அவங்களே பக்கத்துல நின்னு மாட்ட வச்சுத்தான் சார் அனுப்பினாங்க. இங்க வந்ததும் உங்க ஆளுங்க கழட்டினாங்க. முதல் வண்டியைப் போட்டோ எடுக்க வர்றாங்க, நிறைஞ்சு தெரியணும், நடுவுல கிடக்கிறதைத் தூக்கிப் போட்டுட்டு இன்னும் பெட்டி ஏத்துங்கடான்னு நீங்கதான் போன்ல சொன்னீங்களாம். நான் வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். யாரும் கேக்கலை."

மேனேஜருக்கு அந்தப் போன் ஞாபகம் வந்தது. நடுவில் கிடப்பது என்ன என்று அப்போது அவர் கேட்கக்கூட இல்லை.

வாசல் பக்கம் பார்த்தார். அந்த அம்மா எப்போதோ போயிருந்தார்.

"இது அவங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

"மாடிக்குப் போறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிட்டேன் சார். 'நீ வாயைத் திறக்காதே தம்பி. அவர் பேர் வெளியே வந்தா அவர் வேலையும் போகும், இந்த வண்டியும் நின்னுடும். என் பேர் வந்தா ரெண்டு திட்டோட போயிடும்'னு சொல்லிட்டுத்தான் படி ஏறினாங்க."