பொம்மைகளின் சமாதானம்

நாம் இல்லாத நேரத்திலும் ஆட்டத்திலுள்ள நம் பொம்மையை நம்மைப் போலவே கிளவுட் கணினி ஆடித்தரும் புதிய விளையாட்டுச் சேவையில் மகுடேசனும் மனைவி கோகிலாவும் சேர்ந்திருந்தார்கள். ஒருநாள் ஆட்ட மும்முரத்தில், பேருந்து நிலையத்தில் நின்ற அவளைக் கூட்டிவர மறந்துவிட்டான். மழையில் நனைந்தபடியே போனில் ஆட்டத்துக்குள் நுழைந்து அவனைத் திட்டித் தீர்த்தாள். அதன்பின் வீட்டில் பேச்சில்லை. இருவரும் ஆட்டத்தையும் தொடவில்லை.

ஒரு வாரம் கழித்து, கணக்கை மூடிவிடலாமென்று கோகிலா சுவர்த்திரையைத் திறந்தாள். உள்ளே அவள் பொம்மையும் அவன் பொம்மையும் சிரித்துக்கொண்டே புதுவீட்டுக்கு ஓடு வேய்ந்துகொண்டிருந்தன.

"இதுக ரெண்டும் எப்பங்க ராசியாச்சு?"

அவள் பின்னால் வந்து நின்ற மகுடேசன் திரையில் பழைய உரையாடலைத் தள்ளிப் பார்த்தான். "அன்னிக்கே எம்பொம்மை மன்னிப்புக் கேட்டிருக்குது."

"அதுக்கிருக்கிற புத்தி உங்களுக்கில்லியே!"

அவன் தொண்டையைச் செருமினான். "தப்பு எம்மேலதான் கோகி."

பொம்மை இதைவிட நன்றாகத்தான் சொல்லியிருந்தது. இருந்தாலும் கோகிலா நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கு இடம்விட்டாள்.