செருப்பு கொண்டுபோகிறவள்

லூர்துநாதன் வருடாவருடம் கடலூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடந்துபோவார். கொடியேற்றத்தன்று அவர் மனைவி ஜோதி மேரி அவருடைய செருப்பைப் பையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போவாள். வேண்டுதல் முடிந்ததும் அதைப் போட்டுக்கொண்டு அவளோடு பஸ்ஸில் திரும்புவார்.

போன வருடம் சிதம்பரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. அவர் கையிலிருந்த ஸ்மார்ட்வாட்ச்சை மகள் ஷாலினி கழற்றிக்கொண்டு வந்து பீரோவில் வைத்தாள்.

இந்த ஆகஸ்டில் ஷாலினியின் போனில், அந்த வாட்ச்சோடு இணைத்திருந்த ஆப்பில், அப்பாவின் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு நடை பதிவானது. வரைபடத்தில் கோடு சிதம்பரத்தில் தொடங்கியது. கொள்ளிடம், சீர்காழி எல்லாம் தாண்டி, கொடியேற்றத்தன்று வேளாங்கண்ணியில் நின்றது. வாட்ச் பீரோவில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

"போய்ச் சேந்துட்டாரும்மா" என்றாள் ஷாலினி. இருவரும் வெகுநேரம் அழுதார்கள்.

மறுநாள் கோடு மறுபடி நகர்ந்தது. வந்த வழியே, வடக்கு நோக்கி, மிக மெதுவாக.

ஜோதி மேரி கட்டிலுக்கடியிலிருந்து அவருடைய செருப்பை எடுத்தாள். தூசி தட்டிப் பையில் வைத்தாள்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"சிதம்பரத்துக்கு. அந்த வழியாத்தான வர்றாரு. நான் செருப்பு எடுத்துட்டு வருவேன்னு வேளாங்கண்ணில பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு. ரோடு கொதிக்குதுடி."